ஆறரை மணிக் குளியல்

ஷார்ஜாவில் நான் இருந்தது முப்பத்தொரு நாள். முப்பத்தொரு நாளுக்கும் டைரி இருக்கிறது. தாலுகா அலுவலகப் பதிவறையில் இருபத்தெட்டு வருடம் உட்கார்ந்தவள் நான். எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் முதலில் தேதியைத்தான் பார்ப்பேன். ஆனால் இங்கே எழுதப்போவது முதல் ஆறு நாட்களை மட்டும்தான்.

அக்காவுக்கு இடுப்பு எலும்பு உடைந்து அறுவை சிகிச்சை நடந்ததிலிருந்து படுக்கைதான். அவள் மகன் பாஸ்கரும் மருமகள் வித்யாவும் காலையில் வேலைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார்கள். அக்காவைப் பார்த்துக்கொண்டவள் லோர்னா, பிலிப்பைன்ஸ்காரி, அந்த வீட்டிலேயே தங்கியிருப்பவள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அவளுக்கு ஊருக்குப் போக லீவு உண்டு. இந்த முறை அது ஆறு மாதம் தள்ளிப் போய்விட்டது. "இன்னும் ஒரு மாசம், லோர்னா" என்று பாஸ்கர் ஒவ்வொரு மாதமும் கேட்க, அவளும் தலையாட்டியிருக்கிறாள். ஊரில் அவள் அம்மாவும் படுக்கையில் இருந்தாள். நான் போய் அக்காவின் பொறுப்பை ஏற்றுக்கொண்டால்தான் லோர்னா கிளம்ப முடியும். என் பயணத்தின் நோக்கம் அவ்வளவுதான்.

முதலில் போட்டிருந்த டிக்கெட்டில் நான் போகவில்லை. என் கணவரின் நான்காம் வருஷத் திதி அந்த வாரம் புதன்கிழமை வந்தது. செய்கிறவன் மகன். நான் இல்லாவிட்டாலும் நடந்திருக்கும். ஆனாலும் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு பாஸ்கரைக் கூப்பிட்டு, "ஒரு வாரம்தானேப்பா" என்றேன். அவன் டிக்கெட்டை அடுத்த ஞாயிறுக்கு மாற்றிக் கொடுத்தான்.

ஞாயிறு விடிகாலை இறங்கியபோது விமான நிலையத்துக்கு வெளியே பனிமூட்டம். தை மாதக் கடைசி. பாலைவனத்தில் பனி என்று புத்தகங்களில் படித்திருந்தாலும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் நம்பினேன். பக்கத்தில் ராமநாதபுரம் பேச்சில் இரண்டு பேர். "அந்தம்மாவுக்குக் கார் வந்துருச்சு பாத்தியா? நம்மளுக்கு கேம்ப் பஸ்ஸு வரணும். அது டிரைவர் பாய் தூங்கி எந்திரிச்சாத்தான்." மற்றவன், "அப்ப நாளைக்குத்தான் டூட்டின்னு சொல்லு" என்றான். இருவரும் தங்கள் அட்டைப்பெட்டிகள் மேல் உட்கார்ந்து சிரித்தார்கள்.

பாஸ்கரின் வீடு ரோலா என்ற பகுதியில், நான்காம் மாடி. கீழே வரிசையாகப் பணம் அனுப்பும் கடைகள், நகைக் கடைகள், மலையாளிகளின் டீக்கடைகள். லோர்னாதான் கதவைத் திறந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். என் வலது கையை எடுத்துக் குனிந்து தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். பெரியவர்களுக்கு அவர்கள் செய்யும் மரியாதை அது. நமக்குக் கால், அவர்களுக்குக் கை. அக்கா உள்ளிருந்து, "வந்துட்டாளா மகாராணி? பஞ்சாங்கத்த மூட்டை கட்டி எடுத்துட்டு வந்திருக்காளான்னு பாரு" என்றாள்.

திங்கட்கிழமை காலை ஆறரைக்குத்தான் அந்த வீட்டின் முக்கியமான காரியத்தைப் பார்த்தேன். லோர்னா இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகளில் வெந்நீர் கொண்டுவந்தாள். துண்டுகளை வரிசையாக அடுக்கினாள். கடைசியாகத் தன் போனை எடுத்து, கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் பவுடர் டப்பா மேல் சாய்த்து வைத்தாள். அந்த ஊரில் நம் வழக்கமான வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேச முடியாது. அதற்கு வேறொரு செயலி வைத்திருந்தாள். திரையில் ஒரு சிறிய அறை தெரிந்தது. மின்விசிறி, ஜன்னல், வெளியே சேவல் கூவும் சத்தம். அங்கே மணி பத்தரை. கட்டிலில் சின்ன முகத்தோடு ஒரு மூதாட்டி. பக்கத்தில், அதே மாதிரித் துண்டுகளை அடுக்கிக்கொண்டு லோர்னாவின் தங்கை டெஸ்.

அக்காவை மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது, படுத்தவரை வலிக்காமல் எப்படித் திருப்புவது, எப்படித் துடைப்பது என்று லோர்னாவுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த நாட்களில் ஊரில் அவள் அம்மாவுக்கு முதுகில் படுக்கைப்புண். டெஸ்ஸுக்குச் சொல்லிக் கொடுக்க ஆளில்லை. லோர்னா போனைச் சாய்த்து வைத்து, அக்காவின் உடம்பை வைத்துத் தங்கைக்குப் பாடம் எடுத்தாள். புண் ஆறிய பிறகும் பழக்கம் நிற்கவில்லை. தினமும் ஒரே நேரத்தில் இரண்டு நாட்டில் இரண்டு குளியல்.

லோர்னா தன் மொழியில் ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். இங்கே அக்கா இடப்பக்கம் திரும்பினால் அங்கே அந்த அம்மாவும் திரும்புவாள். நடுவில் டெஸ் ஏதோ சொல்ல இருவரும் சிரித்தார்கள். என்னவென்று கேட்டேன். "எங்க அம்மா கிள்ளறாங்களாம். 'உன் அம்மா கிள்ளுவாளா?'ன்னு கேக்கறா. கிள்ள மாட்டாங்க, திட்டுவாங்கன்னு சொன்னேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். 'உன் அம்மா' என்றது அக்காவை.

அக்கா திரையைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். "என்னம்மா, சாப்டியா? இந்தா பாரு, எந்தங்கச்சி வந்துட்டா. உம்பொண்ண பத்திரமா அனுப்பி வைக்கிறேன்." முழுக்கத் தமிழில்தான். அந்த அம்மாள் இடது கையைத் தூக்கினாள். வலது கை வாதத்தில் போய்விட்டது. ஏதோ சொன்னாள். லோர்னா மொழிபெயர்த்தாள்: "அவங்களும் சாப்டியான்னுதான் கேக்கறாங்க." பிறகு அந்த அம்மாள் மூன்று விரலைக் காட்டினாள். புதன்கிழமை இரவு விமானம், வியாழன் ஊர். மூன்று நாள். நான் அவளைப் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

மத்தியானம் லோர்னா தன் ஊர்ப் புளிச்சாறு வைத்தாள். புளியும் மீனும் முள்ளங்கியும் கீரையும் போட்டது. மிளகாய்த்தூள் கிடையாது. அக்கா அதற்கு வைத்த பெயர் 'பிலிப்பினோ ரசம்'. சாப்பிட்டுக்கொண்டே டெஸ்ஸைப் பற்றிக் கேட்டேன். பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை பார்த்தவள். எட்டு வருடம் முன்பு அம்மாவுக்கு வாதம் வந்தபோது விட்டுவிட்டாள். கட்டிக்கொள்ள ஒருவன் இருந்தான். இரண்டு வருடம் காத்திருந்துவிட்டு வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். "நான் பணம் அனுப்பறேன், அவ கூட இருக்கா. ஊர்ல எல்லாரும் என்னைத்தான் நல்ல பொண்ணுங்கறாங்க" என்றாள் லோர்னா. மீன் முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தாள். "அவளுக்கு அது பிடிக்காது, மேடம். எனக்கும்தான்."

செவ்வாய்க்கிழமை ஆறரைக்கு லோர்னா கூப்பிட்டாள், டெஸ் எடுக்கவில்லை. "கரண்ட் போயிருக்கும்" என்றாள் லோர்னா. போனை டப்பா மேல் சாய்த்தபடியே வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினாள். அன்று துடைப்பது நான், அவள் மேற்பார்வை. ஆறு ஐம்பதுக்குப் போன் ஒலித்தது. அப்போது அக்கா ஒருக்களித்திருந்தாள். லோர்னாவின் ஒரு கை அக்காவின் தோளில், இன்னொரு கை தொடையில். விட்டால் அக்கா மல்லாந்து விழுவாள், எனக்கு இன்னும் பிடிக்கத் தெரியாது. லோர்னா திரையைப் பார்த்தாள். கையை எடுக்கவில்லை. ஒலி நின்று மறுபடி தொடங்கியது.

"மேடம், டவல்" என்றாள்.

துடைத்தோம். பவுடர் போட்டாள். நைட்டியை மாட்டினாள். தலையை வாரி இரட்டைப் பின்னல் போட்டாள். அக்காவுக்கு அது பிடிக்காது, "பள்ளிக்கூடத்துக்கா போறேன்?" என்று தினமும் கேட்பாளாம், அன்றும் கேட்டாள். ஏழு பத்துக்கு லோர்னா கையைக் கழுவிக்கொண்டு போனோடு சமையலறைக்குப் போனாள். அங்கிருந்து டெஸ்ஸின் குரல் வந்தது. மொழி புரியாவிட்டாலும் அந்தச் சத்தம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

நான் போனபோது லோர்னா கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். "அங்க ஒம்பதரைக்கு, மேடம். ஒம்பதரைக்கே போயிட்டாங்க. டெஸ் பத்தரைக்குக் குளிப்பாட்ட ஆரம்பிச்சிருக்கா. தனியா. குளிப்பாட்டி, டிரஸ் போட்டுட்டுத்தான் கூப்பிட்டிருக்கா."

நான் மனத்துக்குள் கணக்குப் போட்டேன். அங்கே பத்தரை என்றால் இங்கே ஆறரை. அன்றும் இரண்டு குளியலும் ஒரே நேரத்தில்தான் நடந்திருக்கின்றன.

வித்யா டூட்டிக்குக் கிளம்பியவள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து லோர்னாவைக் கட்டிக்கொண்டாள். பாஸ்கர் அன்றே டிக்கெட் கிடைக்கிறதா என்று பார்த்தான், கிடைக்கவில்லை. "பரவால்ல சார், நாளைக்கே போதும். எங்க ஊர்ல காத்திருப்பாங்க" என்றாள் லோர்னா. உடலைப் பதப்படுத்திக் கண்ணாடி வைத்த பெட்டியில் முன்னறையில் வைத்திருப்பார்களாம். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை வரும்வரை ஒரு வாரமோ பத்து நாளோ ஆகும். ஊரார் வந்து கண்விழித்துக் காப்பி குடித்துச் சீட்டு விளையாடித் துணையிருப்பார்கள். எங்கள் தெருவில் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துபாய் மகனுக்காகக் காத்திருந்த இரண்டு மூன்று பேரை நான் பார்த்திருக்கிறேன். அந்த மகனின் பக்கத்திலிருந்து இப்போதுதான் பார்க்கிறேன்.

பாஸ்கர் என்னைப் பால்கனிக்குக் கூப்பிட்டான். "சித்தி, அம்மாகிட்ட சொல்ல வேணாம். அந்தம்மான்னா அவங்களுக்கு உசுரு. தெரிஞ்சா சாப்பிட மாட்டாங்க." சரி என்றேன்.

அன்று மாலை, இரண்டு தெரு தள்ளி ஒரு கட்டிடத்தில், பிலிப்பினோ பெண்கள் எட்டுப் பேர் பகிர்ந்து இருக்கும் அறையில் ஜெபம். வித்யா சீக்கிரம் வந்துவிட்டதால் நான் லோர்னாவுக்குத் துணையாகப் போனேன். அடுக்குக் கட்டில்களுக்கு நடுவே ஒரு ஸ்டூல், அதன்மேல் போனில் அந்த அம்மாவின் படம், மெழுகுவர்த்தி. ஒரு பெண் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்பவள், சீருடையோடு வந்திருந்தாள். இன்னொருத்தி அல் ஐனில் ஒரு வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்கிறவள், லீவில் வந்திருந்தாள். ஜெபம் முடிந்ததும் பிஸ்கட்டும் காப்பியும். ஒவ்வொருத்தியும் தன் வீட்டில் யார் யாரைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று சொன்னாள். அம்மாவைத் தங்கை, குழந்தையை அம்மா, அப்பாவை அண்ணி. "எங்க வீட்டிலெல்லாம் ஒருத்தி வெளியே, ஒருத்தி உள்ளே" என்றாள் சீருடைக்காரி.

திரும்பும்போது லோர்னா வீட்டுப் பக்கம் திரும்பாமல் எதிர்த் திசையில் நடந்தாள். "நேரா வீட்டுக்குப் போகக் கூடாது மேடம். சாவுக்கு ஜெபம் பண்ணிட்டு நேரா போனா அது கூடவே வந்துரும். வழியில எங்கயாவது உக்காந்து அதை விட்டுட்டுப் போகணும். சாரோட அம்மா படுத்திருக்காங்க இல்ல?"

துக்க வீட்டிலிருந்து 'போயிட்டு வரேன்' சொல்லாமல் கிளம்பி, வாசலில் கால் கழுவி, தலைமுழுகி உள்ளே போகிற ஊர்க்காரி நான். எனக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு மலையாளி டீக்கடையில் உட்கார்ந்தோம். தன் அம்மா போன அன்று, என் அக்காவுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று சுற்றி நடக்கிறாள் இவள் என்று நினைத்ததும் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"லோர்னா, நான் போன வாரமே வந்திருக்கணும்" என்றேன். திதியைப் பற்றிச் சொன்னேன். நான் இல்லாமலே நடந்திருக்கும் என்பதையும் சொன்னேன்.

"தெரியும் மேடம். வித்யா மேடம் சொன்னாங்க." டீயை ஊதினாள். "நான் டெஸ்கிட்ட சொன்னேன். டெஸ் அம்மாகிட்ட சொன்னா. இறந்தவருக்குச் சாப்பாடு போடற நாள், அதனால ஒரு வாரம்னு. அம்மா சரின்னாங்க. உங்க ஹஸ்பண்டுக்கு ஜெபம் பண்ணணும், பேர் என்னன்னு கேட்டாங்க. எனக்குத் தெரியல. நான் பாத்துக்கற அம்மாவோட தங்கச்சி புருஷன்னு சொன்னேன். அப்படியே சொல்லி ஜெபம் பண்ணாங்க."

சாலையைக் கடக்க நின்ற கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, "கோவிந்தராஜன்" என்றேன். அவள் அதை இரண்டுமுறை சொல்லிப் பார்த்தாள். சரியாக வரவில்லை.

"இன்னைக்கு டெஸ் என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"சண்டை போட்டா. 'நீ வெள்ளை டிரஸ் போட்டுட்டு வருவே, எல்லாரும் உன்னைக் கட்டிப்பிடிச்சு அழுவாங்க. என்கிட்ட காப்பி எங்கேன்னு கேப்பாங்க'ன்னா." லோர்னா கோப்பையைக் கீழே வைத்தாள். "உண்மைதான். அப்படித்தான் நடக்கும்."

புதன்கிழமை காலைக் குளியலின்போதும் அக்காவிடம் "அங்க கரண்ட் இல்ல" என்றே சொல்லிவிட்டு, லோர்னா தன் பெட்டியைப் பிரித்தாள். மாதக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி, டேப் ஒட்டி வைத்திருந்த பெரிய அட்டைப்பெட்டி. உள்ளே அம்மாவுக்கான பெரியவர் டயபர், படுக்கையில் விரிக்கும் நீருறிஞ்சும் துணி, முதுகுக்குப் பூசும் களிம்பு, பவுடர். எல்லாவற்றையும் எடுத்துக் கட்டிலில் வைத்தாள். அந்த இடத்தில் காப்பித்தூள் டப்பாக்களும் பிஸ்கட்டும் அடுக்கினாள். துக்கத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டும். "இது இங்க அம்மாவுக்கு ஆகும்" என்று மற்றதை என் பக்கம் தள்ளினாள். அவள் அம்மாவுக்குச் சிறிய உடம்பு. டயபர்கள் அக்காவுக்குச் சேராது என்று இருவருக்கும் தெரியும். அலமாரி மேலே ஏற்றி வைத்தேன். நான் கிளம்பும்வரை அவை அங்கேயே இருந்தன.

அக்காவிடம் விடைபெறும்போது லோர்னா சிரித்த முகமாகத்தான் இருந்தாள். "பத்து மணிக்குக் கஞ்சி. நோ அழிச்சாட்டியம்" என்று விரலை ஆட்டினாள். அக்கா அவள் கன்னத்தைப் பிடித்து, "உங்கம்மாவ கேட்டேன்னு சொல்லுடி" என்றாள். லோர்னா அக்காவின் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். எடுக்கக் கொஞ்ச நேரமாயிற்று.

ஷார்ஜாவிலிருந்து துபாய் விமான நிலையம் போகும் சாலையில் ஏதோ விபத்து. அரை மணி நேரப் பாதையில் ஒரு மணி ஐம்பது நிமிடம் நின்றோம். பாஸ்கர் ஸ்டியரிங்கைக் குத்தினான். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்றைய டைரியில் ஏழு நேரங்கள் குறித்திருக்கிறேன், ஒவ்வொன்றுக்கும் எதிரே 'நகரவில்லை' என்று. லோர்னா மட்டும் பதறவில்லை. பின்னிருக்கையில் தலையைச் சாய்த்து, "இனிமே எத்தனை மணிக்குப் போனா என்ன, சார்" என்றாள். கவுண்டர் மூட எட்டு நிமிடம் இருக்கும்போது உள்ளே ஓடினாள்.

வியாழக்கிழமை காலை. லோர்னா இன்னும் வானத்தில் இருந்தாள். நானும் வித்யாவும் தொட்டிகளை எடுத்து வைத்தோம். ஆறரைக்கு அக்காவின் டேப்லெட் ஒலித்தது. லோர்னாவின் செயலி அதிலும் இருந்தது, கூப்பிட்டவள் டெஸ். வித்யா என்னைப் பார்த்தாள். எடுக்காவிட்டால் அக்கா விடமாட்டாள். எடுத்தேன்.

டெஸ் தனியாக இருந்தாள். பின்னால் முன்னறையிலிருந்து ஆட்களின் பேச்சுச் சத்தம். அவள் அம்மாவின் அறையில் உட்கார்ந்திருந்தாள். சுமாரான ஆங்கிலத்தில், "எனக்கு வேலை இல்லை" என்றாள். "பக்கத்து வீட்டுக்காரங்க சமைக்கறாங்க. உடல் இருக்கும்வரை வீடு கூட்டக் கூடாது. பத்தரை ஆச்சு. என்ன செய்யறதுன்னு தெரியல."

"எங்கடி உங்கம்மா?" என்றாள் அக்கா. "காட்டு."

டெஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அக்கா தினமும் கேட்கும் கேள்வி அது. டெஸ் என்னைப் பார்த்தாள். நான் கண்ணால் வேண்டாமென்று சொன்னேன். திரையில் அது தெரிந்திருக்காது. அவள் பதில் சொல்ல வாயெடுத்து, முடியாமல், முகத்தைத் துடைக்கப் போனைக் கீழிறக்கினாள். விரிப்பு எடுத்த கட்டில் தெரிந்தது. மெத்தை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

அக்கா பார்த்தாள். வித்யா துண்டை முறுக்கிக்கொண்டே நின்றாள்.

"தூங்கறாங்க போல" என்றாள் அக்கா. "தூங்கட்டும். எழுப்ப வேணாம்னு சொல்லு."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். டெஸ் தலையாட்டினாள். பிறகு நான் அக்காவைத் திருப்பத் தொடங்கியதும் சட்டென்று திரைக்கு அருகில் வந்தாள். "அப்படி இல்லை. கையை முழங்காலுக்குக் கீழே வைக்காதீங்க. தொடைக்குக் கீழே. ஆமா. இப்ப மெதுவா. எண்ணுங்க." மூன்றுவரை எண்ணினாள். அக்கா வலிக்காமல் திரும்பினாள். லோர்னா அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததை அவள் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். பதினைந்து நிமிடம், காதுக்குப் பின்புறம்வரை ஒன்றையும் விடவில்லை. முடிந்ததும், "நாளைக்கும் இதே நேரம்தானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

திரை அணைந்த பிறகு அக்காவின் கழுத்தில் பவுடர் போட்டேன். பின்னலை இரட்டையாகவே போட்டேன். அக்கா தன் பள்ளிக்கூடக் கேள்வியைக் கேட்கவில்லை. வித்யா தொட்டியோடு வெளியே போனதும் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நீ போன வாரமே வந்திருக்கலாம்டி."

பத்து மணிக்கு எடுத்துப் போன கஞ்சியை அவள் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை. ஊர் போய்ச் சேர்ந்துவிட்டதாக லோர்னா விடிகாலையில் செய்தி அனுப்பியிருந்தாள். ஒரே வரி, அம்மாவின் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறேன் என்று. ஆறு இருபத்தைந்துக்கே நான் வெந்நீரைக் கொண்டுவந்து, டேப்லெட்டைப் பவுடர் டப்பா மேல் சாய்த்து வைத்தேன். ஆறரை ஆயிற்று. ஆறு முப்பத்தைந்து. ஒலிக்கவில்லை. லோர்னா வந்திருப்பதால் டெஸ் முன்னறையில் இருப்பாள், காப்பி கொடுத்துக்கொண்டிருப்பாள் என்று எண்ணிக்கொண்டேன். தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத் துண்டை நனைக்கப் போனேன்.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தண்ணி ஆறுதுக்கா" என்றேன்.

"ஆறினா ஆறட்டும். அந்தப் பொண்ணு வரட்டும்."

துண்டைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடிகாரத்தைப் பார்க்கவில்லை.